கூடுதலாகச் சுற்றிய மோட்டார்

ஆயுத பூஜைக்கு ஒவ்வொரு செக்‌ஷனும் ஏதாவது ஒன்றைச் செய்து காட்டுவது அந்த ஓசூர்த் தொழிற்சாலையில் வழக்கம். அன்றைக்கு மட்டும் கேட்டில் கெடுபிடி இருக்காது. குடும்பங்கள் உள்ளே வரும். பெயிண்ட் ஷாப்காரர்கள் ஒரு வருடம் தெர்மோகோலில் கோபுரம் கட்டினார்கள். அசெம்பிளிக்காரர்கள் கலர் விளக்கு போட்டு நீரூற்று வைத்தார்கள். தொண்ணூற்று மூன்றாம் வருடம் டூல் ரூம் சார்பில் நல்லுசாமியும் திம்மராயனும் எடுத்துக்கொண்டது, பாறை ஏறும் ஒரு சின்ன லாரி.

லாரி முழங்கை நீளம் இருந்தது. தகடு வெட்டியது, பல்சக்கரம் கடைந்தது எல்லாம் அவர்களேதான். ரிமோட் மட்டும், யாரோ துபாயிலிருந்து கொண்டுவந்து பிள்ளைகள் உடைத்துப்போட்ட காரிலிருந்து எடுத்தது. கேன்டீனுக்குப் பின்னால், கட்டடம் எழுப்பும்போது வெடிவைக்க மனசில்லாமல் விட்டுவிட்ட ஒரு கரும்பாறை கிடந்தது. பூஜையன்று அதன் உச்சியில் சாமி படத்தை வைப்பதென்றும், லாரி தன்னால் ஏறிப்போய் மாலையைக் கொண்டுசேர்ப்பதென்றும் பேச்சு. திம்மராயன் அதைக் கேன்டீன் முழுக்கச் சொல்லியும் வைத்துவிட்டான்.

மோட்டார்தான் பாக்கி.

திம்மராயன் தளிப் பக்கத்துக்காரன். பேசுகிற தமிழில் கன்னட வாடை இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்குப் போய் ஜப்பான் மோட்டார் ஒன்று வாங்கிவந்தான். அதை லாரியில் பூட்டி, சக்கரங்கள் தரையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு பட்டனை அழுத்தினான். மோட்டார் கொசுக்கூட்டம்போல ரீங்கரித்தது.

"சத்தத்தப் பாரு நல்லு. இது பாறை என்ன, சந்திரசூடேஸ்வரர் மலையே ஏறும்."

நல்லுசாமி காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "பாஸ்" என்றான்.

தப்பு நடந்தது அங்கேதான். டூல் ரூமில் எதைப் பழுது பார்த்தாலும் வெறுமனே ஓடவிட்டுக் காதால் கேட்டுத்தான் பாஸ் போடுவார்கள். தடங்கலில்லாமல் சுற்றினால் நல்லது, இழுத்துச் சுற்றினால் கெட்டது. அந்தப் பழக்கத்தில் லாரியையும் அந்தரத்தில் வைத்தே பாஸ் போட்டுவிட்டார்கள். பாறையில் விட்டபோது வண்டி ஒரு முழம் பாய்ந்தது, கல்லின் விளிம்பில் முட்டியது, அப்படியே நின்றது. சக்கரம் அசையவில்லை. உள்ளே மோட்டார் முனகியது. பிறகு ஒரு கருகிய வாடை.

"ஆஃப் பண்ணுய்யா, ஆஃப் பண்ணு."

"பண்ணிட்டேன். அது பாட்டுக்குப் பீடி குடிக்குது" என்றான் திம்மராயன்.

கல்லில் ஏறுகிற வண்டிக்கு வேகம் ஆகாது, நிதானமாகச் சுற்றி, முட்டினாலும் விடாமல் இழுக்கிற மோட்டார்தான் வேண்டும் என்று அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. பூஜைக்கு நாள் நெருங்கிவிட்டிருந்தது.

மறுநாள் ஷிப்ட் முடிந்து திம்மராயன், நல்லுசாமியின் வீட்டுக்கு டீ குடிக்க வந்தான். நல்லுசாமிக்கு முசிறிப் பக்கம். வேலைக்கு ஓசூர் வந்தவன். போன மழைக்காலத்தில் மனைவி பவளம் மஞ்சள் காமாலையில் போனபிறகு, ஒற்றை அறை வீட்டில் தனியாகத்தான் இருந்தான். அலமாரியில் ரேடியோவுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி விசிறி இருந்தது. சின்ன மோட்டாரின் தலையில் பிளாஸ்டிக் இலை இரண்டைச் செருகியது. திம்மராயன் சும்மா இருக்காமல் அதன் சுவிட்சைத் தட்டினான். இலைகள் சாவகாசமாகச் சுற்றின.

"இதுல காத்து வராதே."

"வராது. சத்தமும் வராது."

திம்மராயன் நடுவில் விரலை வைத்து அழுத்தினான். சுற்று குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. இன்னும் அழுத்தினான். அவன் முகம் மலர்ந்தது. "அடேய், இது நிக்க மாட்டேங்குதே. இத எங்க பிடிச்ச?"

"பவளம் சுத்துனது" என்றான் நல்லுசாமி.

திம்மராயன் விரலை எடுத்துக்கொண்டான். விசிறியை அணைத்து, இருந்த இடத்திலேயே, இருந்த திசையிலேயே திருப்பி வைத்தான். அதற்கப்புறம் டீயைப் பற்றித்தான் பேசினான்.

காரின் முன்கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சுகிற சின்ன மோட்டார்கள் செய்யும் ஒரு பட்டறையில் பவளம் வேலை பார்த்தாள். கம்பி சுற்றுவது அவள் வேலை. ஒருநாள் பக்கத்து ஸ்டூல் முனிலட்சுமி தன் நாத்தனார் சண்டையைச் சொல்ல, கேட்டுக்கொண்டே சுற்றியதில் எண்ணிக்கை விட்டுப்போய்விட்டது. சுற்று கூடிப்போன அந்த மோட்டார் சோதனையில் மந்தமாக ஓடியது. சிவப்புப் பெயிண்ட் வைத்துக் கழித்துவிட்டார்கள். கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, "நாத்தனார் மோட்டாரு" என்று பெயரும் வைத்துச் சிரித்தாள். அவள் கையால் சுற்றியது என்று நல்லுசாமி தொட்டுப் பார்ப்பதற்கு அது ஒன்றுதான் இருந்தது. பாறையில் சிக்கிக் கருகினால் அதுவும் போச்சு.

அவன் முனிலட்சுமியைத் தேடிப் போனான். பட்டறை வாசலில் டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அதேமாதிரி இன்னொண்ணு சுத்தித் தர முடியுமாம்மா?"

"எதுண்ணா, நாத்தனார் மோட்டாரா?" சிரித்தவள், அவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பைக் குறைத்துக்கொண்டாள். "இப்பல்லாம் மிஷின்தாண்ணா சுத்துது. நாங்க ஒயரு முனைய ஒட்டறதோட சரி. கையில சுத்தலாம்னு வச்சாலும், எவ்ளோ சுத்து கூடப் போச்சுன்னு யாருக்குத் தெரியும்? அவளுக்கே தெரியாது. பிரிச்சு எண்ணிப் பாத்தாத்தான் உண்டு."

"பிரிச்சா அது போயிடும்."

"போயிடும்."

கொஞ்சநேரம் டப்பாவைத் துடைத்தாள். பிறகு சொன்னாள்: "அவ எம்மாம் மோட்டாரு சுத்தி அனுப்பியிருக்கா தெரியுமாண்ணா? எந்தெந்த ஊர்லயோ, எந்தெந்தக் காருலயோ ஓடிக்கினு இருக்குது. இது ஒண்ணுதான் சும்மா உக்காந்திருக்குது."

அவன் வீட்டுக்குத் திரும்பினான். ஹைவேயைக் கடக்க நின்றபோது கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வந்த கார்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். மழை தூறியது. ஒரு கார் தன் கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே போயிற்று.

பூஜைக்கு முந்தினநாள் காலையில் மோட்டாரைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து திம்மராயன் முன்னால் வைத்தான்.

"வேணாம் நல்லு. ஏறலேன்னா ஏறலே. கேன்டீன்ல நாலு பேரு சிரிப்பான், அவ்ளோதானே."

"பூட்டு. அந்தரத்துல வச்சுப் பாக்காத. நேரா கல்லுல விடு."

பாறையில் விட்டார்கள். நல்லுசாமி ரிமோட்டைத் தானே வைத்துக்கொண்டான். லாரி பாயவில்லை. முன்சக்கரம் விளிம்பைத் தொட்டது, ஒரு கணம் யோசிப்பதுபோல நின்றது, பிறகு கல்லைப் பிடித்துக்கொண்டு ஏறியது. நடுவில் ஒரு வெடிப்பில் முன்சக்கரம் இரண்டும் இறங்கிக்கொண்டன. அவன் கட்டைவிரலை எடுத்துவிடப் பார்த்தான். எடுக்கவில்லை. வண்டி ஆடியது. பின்சக்கரம் உந்தியது. மேலே வந்துவிட்டது. இறக்கியதும் மோட்டாரின்மேல் கைவைத்துப் பார்த்தான். காய்ச்சல்காரன் நெற்றிபோலச் சூடு இருந்தது, அவ்வளவுதான். கருகல் வாடை இல்லை.

பூஜையன்று மற்ற வண்டிகளைப்போல இதற்கும் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும் என்று ஃபோர்மேன் வெங்கடப்பன் பிடிவாதம் பிடித்தார். ஃபோர்க்லிப்ட் நசுக்குகிற பழம் இதற்கு நசுங்குமா? லாரி பழத்தின்மேல் மெல்ல ஏறி, மெல்ல இறங்கிப் போனது. பழம் முழுசாகக் கிடந்தது. கூட்டம் சிரித்தது. "பரவால்ல, ஜூஸ் போட்டுக்கலாம்" என்றான் திம்மராயன். அப்புறம் லாரி பாறையில் ஏறத் தொடங்கியதும் சிரிப்பு அடங்கிற்று. நல்லுசாமி கூப்பிட்டதில் பட்டுப்புடவை கட்டி வந்திருந்த முனிலட்சுமி, மாலை படத்தடியில் போய் நிற்கும்வரை வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். "மெதுவாப் போவுது பாரு, அவள மாதிரியே" என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

சாயங்காலம் கூட்டம் கலைந்தபின் நல்லுசாமி மோட்டாரின் மூடியைத் திறந்தான். கம்பிச் சுற்று செம்பு நிறம் மாறாமல் இருந்தது. அச்சில் உரசி அதற்குக் கரண்ட் கொடுக்கும் கரித்துண்டு இரண்டும்தான் தேய்ந்திருந்தன. விரலில் கறுப்புப் பொடி ஒட்டியது.

"கழட்டித் தரட்டுமா? வீட்டுக்குக் கொண்டுபோ" என்றான் திம்மராயன்.

"வேணாம், வண்டியிலயே இருக்கட்டும்."

"எல்லாரும் ஓட்டக் கேப்பானுங்கடா. தேஞ்சுபோயிடும்."

"கரிதானே தேயுது" என்றான் நல்லுசாமி. பழைய ஸ்கூட்டர் டைனமோவின் கரித்துண்டு ஒன்றை டிராயரிலிருந்து எடுத்து, அளவுக்கு அரத்தால் ராவத் தொடங்கினான்.