காந்தம் ஒட்டாத இடம்

"பெயிண்டுக்கு அடியில இருக்கிற பட்டியைத் தடவிப் பார்த்தே, அதைப் பூசினவன் வலக்கையா இடக்கையா, அன்னைக்கு அவனுக்குப் பல்வலியா இல்ல வீட்டுல சண்டையான்னு சொல்லிடுவேன்" என்பார் அத்தான். இதை அவர் ஆயிரம் தடவை சொல்லியிருந்தால், வாத்தியார் ஆயிரத்தொரு தடவை நம்பாமல் இருந்தார்.

வாத்தியார் என்றால் கணக்கு வாத்தியார். நிரூபணம் இல்லாமல் தன் பிறந்தநாளைக்கூட ஒப்புக்கொள்ள மாட்டார். அத்தான் அவருடைய அக்கா வீட்டுக்காரர்; முப்பது வருஷம் டிங்கரிங் பட்டறையில் நசுங்கின கார்களை நிமிர்த்தி, அவர் முதுகு வளைந்ததுதான் மிச்சம். ஓய்வு பெற்ற பிறகும் சட்டைப் பையில் ஒரு சின்னக் காந்தம் இருக்கும். பழைய கார் வாங்குகிற யாரும் அவரைக் கூட்டிக்கொண்டு போகாமல் வாங்குவதில்லை. வண்டியின் மேல் காந்தத்தை வைப்பார். இரும்பு இருந்தால் ஒட்டும். இரும்பைத் துரு தின்று, மேலே பட்டி என்கிற பசைமாவைப் பூசி மறைத்திருந்தால் நழுவும். அது நழுவி விழுந்த சத்தத்தில் ஏழு தரகர்கள் தொழிலையே விட்டுவிட்டு மளிகைக் கடை வைத்துவிட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. கிளப்பிவிட்டதும் அத்தான்தான்.

இப்போது கார் தேவைப்பட்டது அத்தானுக்கே. அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். இதுவரை ஆஸ்பத்திரி வேன் வந்து கூட்டிப்போனது. இந்தச் சனிக்கிழமையோடு அதை நிறுத்துகிறார்கள். திங்கட்கிழமையிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். வேன் வராத ஒரு நாள் அப்படிப் போய்வந்தார்கள். திரும்பும்போது இரண்டாவது பஸ்ஸின் படியில் அக்கா பிழிந்த துணிமாதிரி மடிந்து உட்கார்ந்தவர், அன்றிலிருந்து பஸ் சத்தம் கேட்டாலே கண்ணை மூடிக்கொள்கிறார்.

நான்கு மாதமாக அத்தான் கார் பார்த்தார். முப்பத்தேழு கார். ஒன்றில் எஞ்சின் ஆயில் மூடியைத் திறந்தார். உள்ளே வெண்ணெய் கடைந்து வைத்தமாதிரி நுரை. "தண்ணி உள்ள போயிருக்கு." இன்னொன்றில் சீட் பெல்ட்டைக் கடைசிவரை உருவினார், கடைசி முழத்தில் காய்ந்த சேறு. "வெள்ளத்துல நீச்சல் பழகின வண்டி." வேறொன்றின் மீட்டர் நாற்பதாயிரம் கிலோமீட்டர் என்று சத்தியம் செய்தது, பிரேக் மிதியின் ரப்பரோ பல் போன கிழவரின் ஈறாக இருந்தது. "இந்த மிதி பூமியை மூணு சுத்து சுத்தியிருக்கு மச்சான்." சில வீடுகளில் வணக்கம் சொல்வதற்கு முன்பே பானட்டின் மேல் கையை வைப்பார். சூடாக இருந்தால் அப்படியே திரும்பிவிடுவார். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும், இவர்கள் முன்கூட்டியே எழுப்பிப் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள் என்பார்.

"என்னை இப்படித் தட்டிப் பார்த்திருந்தா இந்த மனுஷன் கல்யாணமே பண்ணியிருக்க மாட்டார்" என்று அக்கா படுக்கையிலிருந்து சொல்வார். சிரிப்பு வரும். சிரித்து முடிக்க மூச்சு இருக்காது.

சனிக்கிழமை காலை முப்பத்தெட்டாவது காரைப் பார்க்கப் போகும் வழியில் வாத்தியார் கேட்டேவிட்டார்.

"அக்கா போன பிறகு நல்லதா ஒண்ணு வாங்கி வெச்சுக்கப் போறீங்களா அத்தான்?"

அத்தான் நடந்துகொண்டே சொன்னார். "அவ உட்காரப் போற வண்டிடா."

"ஓடினாப் போதும்."

"ஓடறது பெரிசில்ல."

கார் ஒரு தையல்காரம்மாவுடையது. இருபத்தைந்து வயசு வண்டி. பதினெட்டு வருஷமாக அவரிடம்தான். "என் வீட்டுக்காரருக்கு ஓட்டத் தெரியாது. நான் ஓட்டுவேன், அவர் பக்கத்துல உட்கார்ந்து பயப்படுவார். இப்ப பயப்பட ஆளில்லை, ஓட்டப் பிடிக்கலை" என்றார், வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டு.

பானட் ஜில்லென்று இருந்தது. எஞ்சின் ஒரே திருப்பில் பூனைமாதிரி முனகியது. ஆயில் சுத்தம். புகை இல்லை. நான்கு டயரும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தன. பெல்ட்டின் கடைசி முழம் புதுத்துணி மாதிரி இருந்தது. அத்தான் முகத்தில் நான்கு மாதமாகக் காணாத ஒன்று வந்தது. வாத்தியார் மனசுக்குள் அக்காவை முன்சீட்டில் உட்காரவைத்து, சீட்டைக் கொஞ்சம் சாய்த்து, முதுகுக்கு ஒரு தலையணையும் கொடுத்துவிட்டார். காந்தம் கூரையில் ஒட்டியது, கதவுகளில் பல்லிமாதிரி ஒட்டியது. கடைசியாக, ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் கதவுக்குக் கீழே, கால் வைத்து ஏறும் இடத்தில் வைத்தார்.

நழுவித் தரையில் விழுந்தது.

வாத்தியார் குனிந்து காந்தத்தை எடுத்தார். போச்சு, முப்பத்தெட்டும் போச்சு. அத்தான் மண்டிபோட்டு அந்த இடத்தைத் தடவினார். தடவிக்கொண்டே இருந்தார்.

"இடக்கைக்காரன் வேலை."

"பல்வலியா, சண்டையா?" வாத்தியாரின் குரலில் நான்கு மாதக் கசப்பும் இருந்தது.

"ரெண்டும் இல்ல. அவசரம்." அத்தான் தன் இடக்கையைப் பார்த்தார். "மூலையில கட்டைவிரலால ஒரு அழுத்து அழுத்திட்டுத்தான் முடிப்பேன். தொட்டுப் பாரு. இது நான்டா மச்சான்."

வாத்தியார் தொட்டார். ஒரு சின்னக் குழி. "குழி நிரூபணமாகாது. ஊர்ல ஆயிரம் இடக்கை இருக்கு. விலையைப் பேசி எடுத்துட்டுப் போலாம் அத்தான், உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"உள்ள இரும்பு இல்ல. துணி இருக்கு. மஞ்சப் பூப்போட்ட துணி."

தையல்காரம்மா உள்ளே போய் ஒரு ஸ்குரூடிரைவர் கொண்டுவந்தார். "கீறிப் பாருங்க. என் வண்டியில ஒண்ணும் கிடையாது." அத்தான் அதை வாங்கி மச்சானிடம் நீட்டினார், வாத்தியார்தான் கீறினார். பெயிண்ட் உரிந்தது. பட்டி பிஸ்கட்மாதிரி உடைந்தது. ஓட்டைக்குள் விரல்விட்டு இழுத்தபோது, இறுகிப்போன ஒரு துணிச்சுருள் வந்தது. மடிப்புக்குள் அழுக்குப்படாத இடத்தில் மஞ்சள் பூ.

வாத்தியார் அதை விரித்துப் பார்த்தார். அக்கா புதுக்குடித்தனத்துக்குத் தன் கையால் தைத்த ஜன்னல் திரை அது. ஜோடியில் ஒன்று கொடியிலிருந்து காணாமல் போனது. சைக்கிள் துடைக்க எடுத்தாய் என்று அக்கா தம்பியோடு ஒரு மாதம் பேசவில்லை.

"அன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள வண்டியை விக்கணும்னார் பட்டறை முதலாளி" என்று அத்தான் தையல்காரம்மாவிடம் சொன்னார். "துரு தின்ன ஓட்டை, கை நுழையும். இரும்பு வெட்டி வைக்க ரெண்டு நாள் வேணும். பட்டறையில கந்தல் தீர்ந்துபோச்சு. வீட்டுலேர்ந்து எடுத்துட்டு வந்த துணியைத் திணிச்சு மேல பூசிட்டேன். பக்கவாட்டுல எவனாவது இடிச்சிருந்தா, உட்கார்ந்திருக்கிறவருக்கும் அவனுக்கும் நடுவுல இந்தத் துணிதான் இருந்திருக்கும்."

"அந்தப் பக்கம்தான் அவர் உட்காருவார்."

"ஏதாவது ஆச்சாம்மா?"

"ஒண்ணும் ஆகலை. போன வருஷம் தூக்கத்துல போனார்." தையல்காரம்மா துணியையே பார்த்தார். "அவர் பயந்தப்பல்லாம் நான் சிரிப்பேன்."

பிறகு அத்தான் பக்கம் திரும்பினார்.

"சொல்லாம வாங்கிட்டுப் போயிருக்கலாமே?"

"சொல்லாம வித்தது ஒரு தடவை போதும்மா. எனக்கே குடுங்க. அந்த இடத்தை வெட்டி எடுத்து, புது இரும்பு வெச்சு, நானே…"

"உங்க கையாலயா?"

அவ்வளவுதான் கேட்டார். துணியையும் சாவியையும் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். தையல் மிஷின் ஓடத் தொடங்கியது.

திரும்பி வரும்போது அத்தான் ஒரே ஒரு வாக்கியம் பேசினார். "ஒவ்வொரு வண்டியிலயும் என் கையைத்தான்டா தேடினேன்." வாத்தியாருக்குத் திட்டுவதற்கு நான்கு மாதத்துச் சொற்கள் இருந்தன. அத்தானின் நடைக்கு ஏற்ப மெதுவாக நடந்தார்.

வீட்டில் அக்கா சுவரோரம் திரும்பிப் படுத்திருந்தார். வேன்காரர் கடைசி நடையை முடித்து, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போயிருந்தார். அத்தான் கட்டிலருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். மிகைப்படுத்தவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக மிகைப்படுத்தவில்லை என்பதே கேட்க பயமாக இருந்தது.

அக்கா மெல்லத் திரும்பினார். "வண்டி கிடைக்கலைன்னு நேரா சொல்றதுக்கென்ன. அதுக்கு இப்படி ஒரு கதையா." தம்பியைப் பார்த்தார். "நீதான் இவர் சொல்ற எதையும் நம்ப மாட்டியே. நீ சொல்லுடா."

வாத்தியார் தெருப்பக்கம் பார்த்தார். தூரத்தில் ஒரு பஸ் திரும்பும் சத்தம் கேட்டது. அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

"நடந்ததுதான்க்கா. நான்தான் உள்ள கைவிட்டு எடுத்தேன். உன் திரைதான்."