நோயாளி இல்லாத தெரு

“அந்தப் பொட்டிய இப்பவே கழட்டப் போறேன் பவா. ஞாயித்துக்கெழம மாப்ள வீட்டுக்காரங்க வர்றாங்க. செவத்துல என்னா செவப்பு லைட்டு எரியுதுன்னு கேட்டா நா என்னா பதில் சொல்றது?”

ஹரிதாஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறியே விட்டான். கையில் ஸ்க்ரூ டிரைவர். மனைவி பவானேஸ்வரி ஓடிப்போய் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

“காத்து கெட்டுப் போயிருக்குன்னு சொல்லுங்க. உள்ளதுதானே?”

“காத்து கெட்டிருக்குன்னா அடுத்த கேள்வி என்னா வரும்? பொண்ணுக்கு ஒடம்பு எப்படின்னு வரும். செர்காம்காரங்க எந்திரிச்சுப் போனது மறந்துபோச்சா ஒனக்கு?”

அது எப்படி மறக்கும்? ஹரிதாசின் தங்கை மோகனாவைப் பெண் பார்க்க செர்காமிலிருந்து வந்தவர்கள் கேசரியெல்லாம் சாப்பிட்டுவிட்டு, பெண்ணையும் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் கை கழுவப் போனார்கள். போன இடத்தில் ஃபிரிட்ஜ் மேலிருந்த நீலநிற இன்ஹேலர் பையனின் அம்மா கண்ணில் பட்டுவிட்டது. அத்தோடு சரி. மோகனா ஜாசினில் ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறாள். ஊருக்கெல்லாம் மருந்து எடுத்துக் கொடுப்பவள் தன் மருந்தை மட்டும் கைப்பையின் அடியில் துணி சுற்றி வைத்திருக்கிறாள்.

அவளுக்குச் சின்ன வயதில் இழுப்பெல்லாம் இருந்ததில்லை. வேலை செய்த தோட்டத்தைக் கம்பெனி விற்று, குடும்பங்களை இந்தத் தாமான் குடியிருப்புக்கு அனுப்பியது. பிறகு செம்பனை மரங்களின் வரிசைக்குப் பின்னால் பிளாஸ்டிக் உருக்கும் ஆலை வந்தது. சாயங்காலமானால் அங்கிருந்து ஒரு புகை கிளம்பும். வெளிர்நிறமாய், சாதுவாய்த்தான் வரும். ஆனால் தொண்டையில் இறங்கினால் டயரை எரித்து விழுங்கியது போலிருக்கும்.

அந்தப் பெட்டியைக் கேட்டு வாங்கி மாட்டியவள் பவானேஸ்வரிதான். மலாக்கா டவுனில் ஒரு தொண்டு அமைப்பில் இருக்கும் கேத்லீன் என்ற பெண், காற்றில் எவ்வளவு தூசி, எவ்வளவு புகை என்று அளக்கிற பெட்டிகளை மக்களிடமே கொடுத்து மாட்டச் சொன்னாள். கையகலப் பெட்டி. அது அளப்பதெல்லாம் கைப்பேசியில் ஒரு வரைபடத்தில் வரும். நல்ல காற்று என்றால் பச்சைப் புள்ளி, மோசம் என்றால் சிவப்பு; பெட்டியிலும் அதே நிறத்தில் விளக்கு எரியும். இவர்கள் தெரு மாதக்கணக்காகச் சிவப்பாகவே கிடந்தது. கேத்லீன் அதை விடாமல் அனுப்பி அனுப்பி, கடைசியில் அரசாங்க அதிகாரி ஒருவர் நேரில் வரச் சம்மதித்திருந்தார்.

“சனிக்கெழம ஆபீசர் வர்றாருங்க. அதுவரைக்கும் இருக்கட்டுமே,” என்றாள் பவானேஸ்வரி.

ஹரிதாஸ் இறங்கினான். “இருக்கட்டும். ஆனா ஆபீசர் முன்னால மோகனா பேரு ஒன் வாயில வரக் கூடாது. அப்பா அம்மா இல்லாத பொண்ணு. இதுவும் தட்டிப்போச்சுன்னா நா யார்கிட்ட போய் நிப்பேன் சொல்லு?”

அவன் கெட்டவனில்லை. அதுதான் பவானேஸ்வரிக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. கெட்டவனாயிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

அந்தத் தெருவில் ஒரு பழக்கம் உண்டு. இருட்டுகிற நேரத்தில் வீட்டுக்கு வீடு டிவி சத்தம் திடீரென்று கூடும். புதிதாக வந்தவர்கள் இந்தத் தெருக்காரர்களுக்கு நாடகப் பைத்தியம் என்று நினைப்பார்கள். உள்ளே பிள்ளைக்கு மூக்கில் மருந்துப்புகை வைக்கிற நெபுலைசர் கரகரவென்று ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தம் வாசல் தாண்டக் கூடாது. வயதுக்கு வந்த பெண் இருக்கிற வீடு என்றால் டிவி இன்னும் கொஞ்சம் அலறும். எல்லாருக்கும் எல்லார் வீட்டுச் சங்கதியும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதற்குத்தான் இத்தனை பாடு.

வெள்ளிக்கிழமை பவானேஸ்வரி, அதிகாரியிடம் சொல்ல ஆள் கேட்டு வீடு வீடாகப் போனாள். எதிர்வீட்டு ஜானகி சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கிசுகிசுத்தாள்.

“கண்டிப்பா சொல்லணும் பவானி. பின் வீட்டு வீராசாமி மாமா நெஞ்சு வெடிக்க இருமுறாரு, பாவம்லா. அவரு பேரச் சொல்லு.”

“ஒங்க மகளுக்கு வாராவாரம் கிளினிக் போறீங்களேக்கா?”

ஜானகியின் முகம் மாறிவிட்டது. “அது சளி. அவளுக்கு அடுத்த வருசம் மாப்ள பாக்க ஆரம்பிக்கணும். எங்க வீட்ட விட்டுடும்மா.”

வீராசாமி மாமாவிடம் போனால், மூன்று பெண்களைப் பெற்ற அந்த மனிதர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு ஜானகி வீட்டைக் கை காட்டினார். “அந்தப் புள்ளைக்குத்தான் பாவம். எங்க பரம்பரையில நெஞ்சுக் கோளாறே கெடையாது.” சொல்லிவிட்டுத் திண்டாடி இருமினார். கோபப்படுவதா சிரிப்பதா என்று பவானேஸ்வரிக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் தாமான் மண்டபம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் தரகர் காளிதாஸ் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை வரவிருந்த புக்கிட் பெருவாங் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர் அவர்தான். இரண்டு தெரு தள்ளித்தான் அவர் வீடு. அவரைப் பார்த்ததுமே பெண்களெல்லாம் முந்தானையையும் துப்பட்டாவையும் சரிசெய்துகொண்டார்கள்.

அதிகாரி மரியாதையான மனிதர். பெட்டி காட்டிய அளவு மோசம் என்று அவரே மலாயில் ஒப்புக்கொண்டார். ஆனால் பாதிக்கப்பட்டவர்கள் பெயரோடு புகார் தந்தால்தான் ஆலைக்குள் போய்ச் சோதனை போட முடியும் என்றார். “இங்கே யாருக்காவது மூச்சுக் கோளாறு இருக்கிறதா?”

ஜானகி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். வீராசாமி மாமா துண்டை வாய்க்குள்ளேயே திணித்திருந்தார். கண்ணில் நீர் முட்டி நின்றது.

கேத்லீன் பவானேஸ்வரியிடம் வந்து குனிந்தாள். “அக்கா, ஒரு பேரு போதும்க்கா. ஒரே ஒரு பேரு. ஒருத்தர் சொன்னா மத்தவங்களும் சொல்லிடுவாங்க.”

அதிகாரியும் அவளையே பார்த்தார். “பெட்டியை வைத்திருப்பவர் நீங்கள்தானே? உங்கள் வீட்டில்?”

பவானேஸ்வரி எழுந்தாள். பக்கத்தில் மோகனா உட்கார்ந்திருந்தாள். அவள் தோள்கள் ஏறி இறங்குவதைப் பார்த்தால் இழுப்பு ஆரம்பித்துவிட்டது தெரிந்தது. ஹரிதாஸ் மனைவியை அதட்டவில்லை, முறைக்கவில்லை. கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் பார்த்தான். முன்வரிசையில் காளிதாஸ் திரும்பி உட்கார்ந்தார்.

“தக் அடா,” என்று மலாயில் இல்லையென்று சொன்னாள் பவானேஸ்வரி. “எங்க வீட்ல யாருக்கும் ஒன்னும் இல்ல.”

அவளுக்கே அவள் குரல் பிடிக்கவில்லை.

அதிகாரி தலையாட்டினார். இந்தத் தெருவில் யாருக்கும் பாதிப்பில்லை என்று நல்ல செய்தி சொல்வதுபோலச் சொன்னார். அப்படியானால் பெட்டி இங்கே தேவையில்லை, நோயாளிகள் இருக்கிற இடத்தில் மாட்டலாமே என்று கேத்லீனுக்கு யோசனையும் சொன்னார். கேத்லீன் பவானேஸ்வரி வீட்டுக்குப் போய்ப் பெட்டியைக் கழற்றிக்கொண்டு வந்தாள்.

மண்டபத்தில் அத்தனை பேரும் நின்றபடி அதிகாரியின் கார் கிளம்புவதைப் பார்த்தார்கள். ஆலைப்புகை அதற்குள் செம்பனைகளைத் தாண்டி வந்துவிட்டிருந்தது. கார் முனை திரும்பியதுதான் தாமதம், வீராசாமி மாமா துண்டை எடுத்தார். அவர் இருமியதும் ஜானகியின் மகள் இருமினாள், அப்புறம் யார் யாரோ இருமினார்கள். தரகர் காளிதாசும் கைக்குட்டையைத் தேடினார்.

மோகனாவுக்கு இருமக்கூட மூச்சில்லை. சுவரோடு சரிந்தவள் கைப்பையைத் திறந்தாள். ஹரிதாஸ் ஓடிப்போய் மறைத்து நின்றான். அவள் அண்ணனைக் கையால் விலக்கினாள். எல்லாருக்கும் தெரிய அந்த நீல இன்ஹேலரை வாயில் வைத்து அழுத்தினாள். இன்னொரு தடவையும் அழுத்தினாள். காளிதாஸ் பார்த்தார். பார்க்காதவர்போலச் செருப்பை மாட்டிக்கொண்டு, கைப்பேசியைக் காதில் வைத்தபடி நடந்தார்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே தகவல் வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டாருக்கு நாளை தோதுப்படவில்லையாம். பிறகு சொல்வார்களாம்.

ஒரு பொய்யைச் சொல்லி மோகனாவுக்கு வாழ்க்கை வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று பார்த்தோமே என்று பவானேஸ்வரி தன்னையே நொந்துகொண்டாள். கல்யாணமும் போச்சு, காற்றும் போச்சு. யாரைப் போய்த் திட்டுவது?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கேசரிக்கு வாங்கிய ரவை அப்படியே இருந்தது. மோகனா நெபுலைசரின் முகமூடியை மாட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தாள். ஹரிதாஸ் வழக்கம்போல ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டினான். பவானேஸ்வரி ரிமோட்டை அவன் கையிலிருந்து வாங்கி டிவியை அணைத்தாள். வாசல் கதவை அகலத் திறந்து வைத்தாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, பெட்டி மாட்டியிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நெபுலைசரின் கரகரப்பு முதல்தடவையாகத் தெருவுக்குப் போயிற்று.

பவானேஸ்வரி வாசலில் போய் நின்றாள். எதிர்வீட்டு ஜன்னலில் ஜானகி நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னாலும் அதே கரகரப்பு லேசாகக் கேட்டது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு வார்த்தை பேசிவிடுவாள் என்றுதான் பவானேஸ்வரி நினைத்தாள்.

ஜானகி ஜன்னலைச் சாத்தினாள். அவள் வீட்டு டிவியின் சத்தம் இன்னும் கொஞ்சம் கூடியது.