தீவில் ஒத்தைக் கட்டில்

ஊசியம்மாவின் வீட்டில் கட்டில் ஒன்றுதான். படுக்கிறவர்கள் இரண்டு பேர். ஆனால் அந்த இரண்டு பேரும் அதில் சேர்ந்து படுத்து வருஷக்கணக்காகிறது. உடனே சண்டை, சச்சரவு என்று நீங்களாக எதையாவது முடிச்சுப் போட்டுக்கொள்ள வேண்டாம். அவள் புருஷனுக்கு ரொட்டிக் கம்பெனியில் ராத்திரி ஷிப்ட். அவளுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் காலை வேலை. வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு விடிந்ததும் விடியாததுமாக ஊசி குத்தியாக வேண்டும். அதனால்தான் தெருவில் எல்லோருக்கும் அவள் ஊசியம்மா. மத்தியானத்துக்கு மேல் இன்னொரு கிளையில் போய் ரிப்போர்ட் அடிக்கும் வேலை வேறு.

கடைசித் தட்டு ரொட்டியை அடுப்பிலிருந்து இழுத்துப் போட்டுவிட்டு அவர் வீட்டுக்கு வரும்போது, இவள் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பாள். வாசலில் சாவி கைமாறும். "டீ ஃப்ளாஸ்க்ல இருக்கு." "சரி." அவ்வளவுதான் குடித்தனம். சாயங்காலம் இவள் செருப்பைக் கழற்றும்போது அவர் மாட்டுவார். வார லீவு நாளில் மட்டும் என்ன வாழ்ந்தது? ராத்திரி அவருக்குத் தூக்கம் வராது. கூடத்தில் டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு ஆந்தை மாதிரி உட்கார்ந்திருப்பார். ஒரே பெண், அவளும் வெளியூர் ஹாஸ்டலில் படிக்கிறாள். வீட்டில் பேச ஆளில்லை என்பதைவிட, பேச நேரமில்லை என்பதே பழகிப்போயிற்று.

இப்படியே போயிருக்கும். ரொட்டிக் கம்பெனி சூப்பர்வைசரின் மனைவி சர்க்கரை பார்க்க வந்தாள், வினை வந்தது. கையை நீட்டி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, பயம் தெரியாமல் இருக்க வாய் ஓயாமல் பேசுகிற ரகம் அவள்.

"ஏங்க, உங்க வீட்டுக்காரரு பகல் ஷிப்டை ஏன் வேண்டாம்னுட்டாரு? அவனவன் அதுக்குத் தவம் கிடக்கறான். கூப்பிட்டுக் குடுத்தாங்களாம், வேண்டவே வேண்டாம்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டாராமே?"

இத்தனை வருஷத்தில் நரம்பு தவறாத கை அன்று தவறியது. "ஐயோ" என்று அந்த அம்மாள் கத்தினாள். மன்னிப்புக் கேட்டு, பஞ்சை வைத்து அழுத்தி, மறு கையில் எடுத்து அனுப்பினாள் ஊசியம்மா. அதன் பிறகு வந்தவர்களுக்கெல்லாம் பெயர் கேட்டாள், வயது கேட்டாள், குழாயில் சீட்டு ஒட்டினாள். உள்ளே மட்டும் ஒரே கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. பகல் வேலை என்றால் ராத்திரி வீட்டில் இருக்கலாம். ராத்திரி வீட்டில் என்றால் தன்னோடு. அதைத்தான் மனுஷன் வேண்டாம் என்று கும்பிட்டிருக்கிறார்.

வீட்டில் கேட்டிருக்கலாமே என்பீர்கள். எப்போது கேட்பது? செருப்பு மாட்டுகிற நேரத்தில் கேட்கிற கேள்வியா அது? பதில் ஏடாகூடமாக வந்தால் அதையும் சுமந்துகொண்டு பஸ் பிடித்து, நாள் முழுக்க ஊசி குத்த வேண்டும். அதற்கு அவளிடம் தெம்பில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் நாத்தனார் போன் பண்ணினாள்.

"அண்ணி, கல்யாணம் ஆன நாள்லேருந்து ரெண்டு பேரும் எங்கயாவது போயிருக்கீங்களா? எல்லாரும் போறாங்களே, அந்தத் தீவுக்குப் போயிட்டு வாங்க. மூணு நாள் கம்பெனி ஒண்ணும் மூழ்கிடாது. எங்க அண்ணன் வாயைத் திறக்க மாட்டான், நீங்கதான் இழுத்துட்டுப் போகணும்."

வேறு சமயமாக இருந்தால் "போங்க நீங்க வேற" என்று சிரித்து மழுப்பியிருப்பாள். அன்றைக்குச் சரி என்றாள். ஷிப்ட் இல்லாத இடம், ஓட முடியாத இடம். சுற்றிலும் கடல். அங்கே வைத்துக் கேட்டுவிடலாம்.

தங்கும் இடம் தேடுகிற வேலை அவள் தலையில் விழுந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டே போனில் தேடுவாள், பிடித்ததை அவருக்கு அனுப்புவாள், அவர் ரொட்டி வேகிற இடைவெளியில் குரலைப் பதிந்து பதில் அனுப்புவார். முதலில் கண்ணில் பட்டது தண்ணீருக்கு மேலே கட்டிய குடில். தரையே கண்ணாடி, காலடியில் மீன். வாடகையைப் பார்த்ததும் அவளுக்கு நெஞ்சை அடைத்தது. "அதுல மீனே குடியிருக்கட்டும், நாம வேண்டாம்" என்று அவளே முடித்துவிட்டாள். அடுத்தது ஒரு மர வீடு. 'காதல் கூடு' என்று பெயர், ஏணியில் ஏற வேண்டும், குளியலறை கீழே. "என் முழங்கால் இருக்கற லட்சணத்துக்கு ஏணி வேறயா? ஏறிட்டா இறங்க மாட்டேன், பரவால்லயா?" என்று குரல் வந்தது. மூன்றாவது, தேனிலவு ஸ்பெஷல். துண்டை மடித்து இரண்டு அன்னம் செய்து, மெத்தையில் ரோஜா இதழ் கொட்டி வைத்திருந்தார்கள். வாடகையும் கையைக் கடிக்கவில்லை. ஏதோ இடிக்கிறதே என்று கீழே படித்தால், சுவருக்கு அந்தப் பக்கம் ஜெனரேட்டராம், ராத்திரி பூரா ஓடுமாம்.

"எனக்குக் கம்பெனில இருக்கற மாதிரியே இருக்கும்" என்றார் அவர்.

அதற்குச் சிரித்தாள். ஆனால் எந்த இடத்தை அனுப்பினாலும் கடைசியில் அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "ஜன்னல்ல திரை தடிமனா இருக்கா? பகல்ல வெளிச்சம் வராதில்ல?" அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு எரிச்சல் மண்டியது. அங்கேயும் வந்து பகலெல்லாம் தூங்குகிற எண்ணமா? இந்த மனுஷனைக் கூட்டிக்கொண்டு கடல் தாண்டிப் போய் என்ன ஆகப்போகிறது? அலுத்துப்போய், கடற்கரையை ஒட்டி ஒரு அம்மாள் வாடகைக்கு விடுகிற ஓலைக் குடில்களில் ஒன்றை அனுப்பினாள். வாசலில் உட்கார்ந்தால் கடல் தெரியும். படத்தில் குடிலின் வெளிப்புறம்தான் இருந்தது, உள்ளே எப்படி என்று தெரியாது. "இதையே பேசி முடிச்சிடுங்க. எனக்கு இனிமே தேடத் தெம்பில்ல."

மறுநாள் வாசலில் சாவி கைமாறும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை. "அந்தம்மாவே போன் பண்ணிச்சு. வாடகையைக் கூடக் குறைச்சுட்டேன், தெரியுமா?"

"எப்படிங்க?"

"பேசற விதத்துல பேசணும்."

கிளம்புகிற அன்றும் ராத்திரி வேலை முடித்துவிட்டுத்தான் வந்தார். பஸ், அப்புறம் படகு. படகில் அவள் குமட்டலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவர் இருக்கைக் கம்பியில் தலையை இடித்து இடித்துத் தூங்கி வழிந்தார். உச்சி வெயிலில் மணலில் பெட்டியை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள். இடம் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. தென்னை, நிழல், கூப்பிடு தூரத்தில் கடல். குடில்காரம்மாள் கதவைத் திறந்துவிட்டாள். உள்ளே ஒரு ஒல்லிக் கட்டில். ஒருத்தர் படுத்துப் புரண்டாலே விழுந்துவிடுகிற அகலம்.

"இன்னொரு கட்டில் எங்கம்மா?" என்றாள் ஊசியம்மா.

குடில்காரம்மாள் விழித்தாள். "இன்னொண்ணா? ரெட்டைக் கட்டில் வேணுமா, ஒத்தைக் கட்டில் வேணுமான்னு நான் கேட்டேனே! எங்களுக்கு ஒத்தையே போதும், ஒரு நேரத்துல ஒருத்தர்தான் படுப்போம்னு சார்தானே சொன்னாரு? நான்கூட என்னடா இதுன்னு ரெண்டு தடவை கேட்டேன். எப்பவும் அப்படித்தாங்க, நீங்க வாடகையைக் குறைச்சுக்கோங்கன்னாரு. மத்த குடில் எல்லாத்துலயும் ஆள் இருக்கு, நான் என்ன பண்ணட்டும்?"

ரொட்டிக்காரர் தலையைச் சொறிந்தார். "பகல்ல தூங்கிட்டிருந்தப்போ போன் பண்ணிட்டாங்க. தூக்கக் கலக்கத்துல..." என்று இழுத்தார். குடில்காரம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நமக்கெதுக்கு வம்பு என்று போய்விட்டாள்.

அவள் பெட்டியின் மேலேயே உட்கார்ந்தாள். அதோடு அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால்கூடத் தேவலை. கட்டிலைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், திரையை இழுத்துவிட்டார். அப்புறம் சமாதானம் பண்ணுகிறவர் மாதிரி சொன்னார்:

"சரி விடு. நான் இப்ப படுத்துக்கறேன். ராத்திரிக்கு நீ படுத்துக்கோ. நமக்குப் பழக்கம்தானே?"

அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "பழக்கமா? உங்களுக்கு வெக்கமா இல்ல? பகல் ஷிப்டு குடுத்தாங்களா இல்லையா?"

திரையைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. "யார் சொன்னா?"

"யார் சொன்னா என்ன! குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

"கும்பிட்டு வேண்டாம்னீங்களா?"

"ஆமா."

"ஏன்? ராத்திரில என் மூஞ்சியைப் பாக்கப் பிடிக்கலையா? வேற எதாவதா? எதுவா இருந்தாலும் சொல்லித் தொலைங்க. நான் ஒருத்தி, உங்க வாயிலேருந்து இதைப் பிடுங்கறதுக்காகத்தான் இவ்வளவு தூரம் வாந்தியை அடக்கிட்டு வந்தேன்."

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். வெளியே கடல் தன் பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது.

"போன மழைக்கு ஒரு நாள் அடுப்பு ரிப்பேர் ஆயிடுச்சு" என்றார். "பாதி ராத்திரியிலயே அனுப்பிட்டாங்க. சத்தம் போடாம உள்ள வந்தேன். நீ நடுக் கட்டில்ல கையைக் காலைப் பரப்பிப் படுத்திருந்தே. முகத்துல அப்படி ஒரு நிம்மதி. வாசல்ல பாக்கற மூஞ்சியே இல்ல அது. எங்க படுக்கறதுன்னு பாத்தேன். எனக்கு அங்க இடமே இல்ல. சமையல்கட்டுல போய் உக்காந்தேன். நீ எந்திரிக்கிற நேரம் பாத்து வெளியில போயி, எப்பவும் வர்ற மாதிரி வந்தேன். அதுக்கு அடுத்த வாரம்தான் ஷிப்டு மாத்திக்கறயான்னு கேட்டாங்க. நான் வந்து அவ தூக்கத்தை எதுக்குக் கெடுக்கணும்னு..."

அவளுக்குக் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. உடம்பெல்லாம் வலித்தது. அழுகைகூடச் சோம்பலாகத்தான் வந்தது.

"ஓரமாப் படுத்தா பக்கத்துல காலியா இருக்கறது தெரியுதுங்க" என்றாள். "நடுவுல படுத்தா தெரியாது. அதான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தப் பகல் ஷிப்டு இன்னும் இருக்கா?"

"இல்ல. புதுசா வந்த பையனுக்குக் குடுத்துட்டாங்க."

"திரும்பக் கிடைக்குமா?"

"கஷ்டம்தான். வேண்டாம்னவனை மறுபடி எதுக்குக் கூப்பிடப் போறாங்க?"

அவள் எழுந்து போய்ச் சுவர்ப் பக்கமாகப் படுத்தாள். முதுகைச் சுவரோடு ஒட்டவைத்து, மூச்சை உள்ளே இழுத்து, எவ்வளவு ஒடுங்க முடியுமோ அவ்வளவு ஒடுங்கினாள். அப்படியும் மிஞ்சியது ஒரு கை அகலம்தான்.

"படுங்க."

"விழுந்துடுவேன்."

"விழுங்க. பாத்துக்கலாம்."

அவர் ஒருக்களித்துப் படுத்தார். ஒரு கால் வெளியே தொங்கியது. இரண்டு பேருக்கும் வியர்த்தது. அவர் முழங்கை அவள் விலாவில் இடித்தது, எடுத்து வைக்க வேறு இடமில்லை. பக்கத்தில் ஒரு உடம்பு மூச்சு விட்டால் எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. சூடாக இருந்தது, இடைஞ்சலாக இருந்தது.

"உனக்குத் தூக்கம் வராதே இந்த நேரத்துல" என்றார்.

"வரலைன்னா போகுது. ஊருக்குப் போனதும் அந்த ஷிப்டைப் போய்க் கேளுங்க."

"இல்லைன்னுடுவாங்க."

"மறுபடியும் கேளுங்க. கும்பிட்டுக் கேளுங்க. என் பொண்டாட்டிக்கு நான் ராத்திரில வீட்டுல வேணுமாம்னு சொல்லுங்க."

"அப்படியே சொல்லவா?"

"அப்படியே சொல்லுங்க" என்றாள்.