ஃப்ளோரியின் இடது காது

ஹெட்டி கறுப்புத் தொப்பியை மாட்டிக்கொண்டு, மகள் ஃப்ளோரியின் பூட்ஸ் கயிற்றை இழுத்துக் கட்டினாள். முன்னறையில் மகன் ஆல்ஃபி சவப்பெட்டிக்குள் கிடந்தான். ஒன்பது வயது. சவ வண்டி பதினோரு மணிக்கு வரும். ஆனால் பள்ளி மருந்தகம் ஒன்பதுக்கே திறந்துவிடும். ஃப்ளோரியின் காதைக் கழுவ வேண்டும்.

"புள்ளைய வீட்டுல கிடத்திட்டு எங்க கிளம்பிட்ட?" சாவு விருந்துக்குப் பன்றித்தொடைக் கறித் தட்டோடு உள்ளே வந்த பக்கத்து வீட்டு மிஸஸ் க்ரோக்கர் கேட்டாள்.

"காது கழுவ."

"அவனைக் கொன்ன இடத்துக்கா?"

தெரு முழுக்க இதே பேச்சுதான். சீழ் வடிகிற காதை வடிய விட வேண்டும், காயவைத்தால் விஷம் மூளைக்கு ஏறும் என்பது அந்தத் துறைமுகத் தெருவில் எல்லாத் தாய்மாருக்கும் தெரிந்த சங்கதி. மருந்தகத்து நர்ஸ் தினமும் கழுவிக் காயவைத்தாள், பையன் செத்தான். வேறென்ன சாட்சி வேண்டும்?

மிஸஸ் க்ரோக்கர் ஏப்ரன் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். "மருந்தகத்த மூடச் சொல்லி எழுதியிருக்கோம். தெருவே கையெழுத்துப் போட்டாச்சு. பெத்தவ உன் பேரு முதல்ல இருந்தாத்தான் எடுபடும்."

கணப்பருகே உட்கார்ந்திருந்த அவள் கணவன் சிட், "போட்டுக் குடுத்துடு ஹெட்டி" என்றான். "இன்னிக்கு ஒருநாள் போகாட்டித்தான் என்ன?"

"ஒருநாள்னுதான் அவனையும் நிறுத்தினேன்."

சிட் நிமிர்ந்தான். விடியுமுன் கப்பல்துறைக்கு வேலைக்குப் போய்விடுகிறவன் அவன்; பகலில் வீட்டில் நடந்தது தெரியாது.

"மூணு வாரமா ஆல்ஃபியும் இவளும் அங்க போகல சிட். இந்தம்மா சொன்னாங்க, நான் நம்பினேன். நர்ஸ் ரெண்டு தடவ வந்து கதவத் தட்டினா. மூச்சுக் காட்டாம உள்ள நின்னேன். வெங்காயத்தச் சுட்டு, நடுக்குருத்த உருவிக் காதுல வெச்சு விட்டேன். 'இதமா இருக்கும்மா'ன்னு சிரிச்சான்."

ஹெட்டி மிஸஸ் க்ரோக்கர் பக்கம் திரும்பினாள்.

"அத எழுதுங்க மிஸஸ் க்ரோக்கர். கையெழுத்துப் போடறேன்."

"உனக்குப் புத்தி கலங்கிருச்சு" என்றாள் மிஸஸ் க்ரோக்கர். ஆனால் காகிதத்தை மடித்துவிட்டாள்.

ஹெட்டி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். ஆல்ஃபியின் சாவுக்குத் துக்கமாக எல்லா வீட்டிலும் சன்னல் திரையை இறக்கிவிட்டிருந்தார்கள். அவள் கடக்கக் கடக்க ஒவ்வொரு திரையின் ஓரமும் விலகியது. பார்த்துக்கொள்ளட்டும் என்று நடுத்தெருவிலேயே நடந்தாள். அவளுக்கு எல்லோர் மீதும் ஆத்திரமாக வந்தது, எல்லோரையும்விடத் தன் மீது.

மருந்தகத்தில் வழக்கமாக நாற்பது பிள்ளைகள் நெருக்கியடிக்கும் பெஞ்சுகளில் நாலு பேர்தான் இருந்தார்கள். நர்ஸ் கறுப்புத் தொப்பியைப் பார்த்தாள். பிறகு வெந்நீரை ஊற்றினாள். ஃப்ளோரி பழகியவளாகத் தலையைச் சாய்த்து, எனாமல் கிண்ணத்தைக் காதுக்குக் கீழே தானே பிடித்துக்கொண்டாள். தண்ணீர் மஞ்சளாக இறங்கி, மெல்ல மெல்லத் தெளிந்தது.

"நாளைக்கும்..." என்று தயங்கினாள் நர்ஸ்.

"ஒம்போது மணிக்கு வந்துருவா" என்றாள் ஹெட்டி.

அவர்கள் திரும்பியபோது சவ வண்டி வாசலுக்கு வந்திருந்தது. குதிரைகளுக்கு அருகே சிட் நின்றிருந்தான். ஹெட்டியின் முகத்தை அவன் பார்க்கவில்லை.

"கழுவியாச்சுப்பா" என்றாள் ஃப்ளோரி.

ஆற்றுக் காற்று சில்லென்று அடித்தது. சிட் குனிந்து, மகளின் கம்பளிக் குல்லாவை இழுத்து அந்தக் காதை மூடிவிட்டான்.