சூடு தாங்காத கிளிப்பு

காலை ஐந்தரைக்குக் கார்த் தொழிற்சாலையின் சங்கு ஊதியது. அந்த ஓசை அடங்குவதற்குள் முதல் வண்டி அவள் தலைக்கு மேல் வந்து நின்றுவிட்டது.

சக்கரமில்லை, கதவில்லை. சிவப்புச் சாயம் பூசிய வெறும் கூடு கொக்கிகளில் தொங்கியது. அதன் வயிற்றுக்கடியில் நின்று, கழுத்தைப் பின்னுக்கு ஒடித்து, இரண்டு கைகளையும் தூக்கி, முன்சக்கரம் வரும் இடத்திலிருந்து பின்சக்கரம் வரும் இடம் வரைக்கும் பிரேக் குழாயைப் பதிக்க வேண்டும். நான்கு இணைப்புகளைத் திருகி இறுக்க வேண்டும். ஏழு கிளிப்புகளில் குழாயை அழுத்தி உட்கார வைக்க வேண்டும். திருகுக்கருவி காற்றைக் கக்கி அலறும்போது அவள் பல்வரிசை வரைக்கும் அதிரும். எண்ணெய் விரலிலிருந்து மணிக்கட்டுக்கும், மணிக்கட்டிலிருந்து அக்குளுக்கும் வழிந்து இறங்கும். துடைக்க நேரமில்லை. போன மாதம் வரைக்கும் ஒரு வண்டிக்கு நாலரை நிமிடம் கொடுத்தார்கள். புது வண்டி சந்தைக்கு வந்த நாளிலிருந்து மூன்று நிமிடம்.

பதினோரு வருடமாக இதே வேலை. தொழிற்சாலையில் எல்லோரும் அவளைக் குழாய்க்காரி என்றுதான் கூப்பிட்டார்கள்.

"மூணு நிமிஷத்துல மூக்கைக்கூடச் சிந்த முடியாது. இவனுங்களுக்கு வண்டி வேணுமாம் வண்டி" என்றான் அடுத்த இடத்தில் விளக்கு மாட்டுகிறவன். நாள் முழுக்க எதையாவது முனகிக்கொண்டே இருப்பதால் அவன் பெயர் முணுமுணுப்பு.

அவளுக்கு நிமிடத்தைவிடக் கிளிப்பின் மேல்தான் கோபம். பிரேக் குழாயை ஒட்டியே சைலன்சர் குழாய் ஓடுகிறது. வேகமாக ஓட்டினால் அது அடுப்புத் தணலாய்ச் சிவக்கும். இரண்டும் தொட்டுக்கொள்ளாமல் இரண்டு விரல் இடைவெளியில் பிடித்துவைப்பது அந்தக் கிளிப்புதான். முதலில் எஃகுக் கிளிப்பு வந்தது. வண்டி வெளியாக மூன்று வாரம் இருக்கும்போது பெட்டி பெட்டியாகக் கறுப்புப் பிளாஸ்டிக் கிளிப்பு வந்து இறங்கியது. கையில் எடுத்து வளைத்தால் கொடுக்காப்புளிச் சுளை மாதிரி வளைந்தது.

அன்றைக்கே மேற்பார்வையாளரிடம் சொன்னாள்.

"சார், இது சூடு தாங்காது."

"மேல இருக்குறவங்க கணக்குப் போட்டுத்தாம்மா மாத்தியிருக்காங்க. எடை குறையுதாம்."

"எடை குறையும் சார். உசுரும் குறையும்."

"ஏம்மா, வாயில நல்ல வார்த்தையே வராதா? கையைப் பாரு, லைன் நகருது."

குறைகள் எழுதும் நோட்டில் எழுதி வைத்தாள். மறுநாள் பார்த்தபோது அந்தத் தாள் கிழிக்கப்பட்டிருந்தது. நோட்டின் முதுகில் ஒரு மெல்லிய விளிம்பு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

வண்டி வெளியான முதல் வாரத்திலேயே புகார்கள் வந்தன. ஒன்றின் கண்ணாடி ஏறினால் இறங்கவில்லை. ஒன்றில் மழைநீர் ஓட்டுநரின் மடியில் ஒழுகியது. சாப்பாட்டுக் கூடத்தில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். "அவ்வளவு விலை கொடுத்து வாங்கினவனுக்குக் குளிக்கவும் வசதி பண்ணிக் கொடுத்திருக்கோம்" என்றான் முணுமுணுப்பு.

இரண்டாவது வாரம் சிரிப்பு நின்றது. கருகிய எண்ணெய் நாற்றத்தோடு மூன்று வண்டிகள் திரும்பி வந்தன. பிறகு ஐந்து. பிறகு இன்னும். வேகமாகப் போகும்போது பிரேக் பெடல் தளர்ந்து தரையோடு போகிறது என்பது எல்லோருடைய புகாரும். அவற்றைப் பின்கொட்டகைக்குத் தள்ளித் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். வேறு கிளிப்பு மாட்டினார்கள். அதுவும் அதே கறுப்புப் பிளாஸ்டிக்தான். கழுவித் துடைத்து அனுப்பிவிட்டார்கள். தெருவில் மெதுவாக உருட்டினால் அந்த வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. வேகமாகப் போவதற்கென்று விற்ற வண்டியை வேகமாக ஓட்டினால்தான் ஆபத்து.

அவளுடைய கொழுந்தன் அங்கேதான் சோதனை ஓட்டுநராக இருந்தான். தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கும் வட்டப் பாதையில் ஒவ்வொரு வண்டியையும் ஆறு சுற்று ஓட்டிப் பார்ப்பது அவன் வேலை. புது வண்டி வந்ததும் ஆறைக் குறைத்து இரண்டாக்கிவிட்டார்கள்.

"ரெண்டு சுத்துல என்னத்த தெரியும் அண்ணி? வண்டி சூடேறுறதுக்குள்ள இறங்கச் சொல்றானுங்க" என்றான் ஒரு நாள்.

"நீ எழுதிக் கொடுக்க வேண்டியதுதானே?"

"கொடுத்தேன். எழுதப் படிக்கத் தெரிஞ்சவனுக்கு இங்க வேலை இல்லைன்னுட்டாங்க."

புதன்கிழமை விளம்பரப் படம் எடுக்க ஆட்கள் வந்தார்கள். வண்டி பறப்பது போலத் தெரிய வேண்டுமாம். அவனை உச்ச வேகத்தில் ஓட்டச் சொன்னார்கள். போதவில்லை, இன்னொரு சுற்று என்றார்கள். ஒளி சரியில்லை, மறுபடியும் என்றார்கள். ஏழாவது சுற்றில் வளைவு வந்தபோது அவன் பிரேக்கை மிதித்தான். பெடல் தரையில் போய் உட்கார்ந்தது. வண்டி நேராகப் போய்ச் சுவரில் மோதியது.

அந்தச் சத்தம் உள்ளே கேட்டது. அவள் கையிலிருந்த கருவி அப்படியே நின்றது. தூக்கியிருந்த இரும்புக் கதவுக்கு வெளியே மண் புழுதியும் புகையும் தெரிந்தன. யாரோ ஓடினார்கள். யாரோ "வெட்டி எடுக்கணும், வெட்டி எடுக்கணும்" என்று கத்தினார்கள். அவள் தலைக்கு மேல் அடுத்த வண்டி வந்து நின்றது. லைன் நிற்கவில்லை.

"போகாதம்மா! இந்த வண்டியை யாரு முடிக்கிறது?" என்று மேற்பார்வையாளர் குறுக்கே வந்தார்.

அவள் கருவியை அவர் கையில் திணித்துவிட்டு ஓடினாள்.

மருத்துவமனையில் அவன் கண் விழித்தபோது இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. "காத்தை மிதிச்ச மாதிரி இருந்துச்சு அண்ணி" என்றான். அவன் மனைவி, இவளுடைய ஓரகத்தி, போர்வையில் கால் இருந்திருக்க வேண்டிய இடத்தையே தடவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அவளை மாடிக்குக் கூப்பிட்டார்கள். பதினோரு வருடத்தில் அந்தப் படிகளில் அவள் ஏறியதே இல்லை. குளிரூட்டிய அறை. மேசை மேல் உள்ளங்கை அளவில் அந்தச் சிவப்பு வண்டியின் பொம்மை. முதலாளி எழுந்து நிற்பது போலப் பாதி எழுந்து உட்கார்ந்தார்.

"உட்காரும்மா."

"நிக்கிறேன் சார். எனக்கு அதுதானே பழக்கம்."

"உங்க கொழுந்தனாருக்கு நடந்தது எனக்கு ரொம்ப வருத்தம். வைத்தியம் முழுக்க கம்பெனி பார்த்துக்கும். செயற்கைக் கால் வைக்கிறது வரைக்கும். அதுக்கு முன்னாடி இதுல ஒரு கையெழுத்துப் போடணும்."

அவள் தாளைப் படித்தாள். 'என் கவனக்குறைவால் பிரேக் குழாயின் இணைப்பு ஒன்றை முழுமையாக இறுக்காமல் விட்டுவிட்டேன்' என்று அழகாக அச்சடித்திருந்தது.

"நான் இறுக்காம விட்டதை யாரு சார் பார்த்தது?"

"விசாரணையில தெரிஞ்சுது."

"நாலு திருகும் இறுகினாத்தான் என் கருவியில பச்சை விளக்கு எரியும். பச்சை எரியாத வண்டியை லைன் முடிவுல யாரும் இறக்கமாட்டாங்க. அது நீங்க வச்ச ஏற்பாடுதானே சார்?"

முதலாளி சுவரோரம் நின்ற மேற்பார்வையாளரைப் பார்த்தார். மேற்பார்வையாளர் தன் செருப்பைப் பார்த்தார்.

"அந்தக் குழாயைக் காட்டுங்க. பார்த்துட்டுப் போடுறேன்."

"வண்டி நொறுங்கிடுச்சும்மா. உருக்க அனுப்பியாச்சு."

"நேத்து மோதின வண்டி, அதுக்குள்ள உருகியே போச்சா?"

முதலாளியின் குரல் மாறியது. "இங்க பாரு. இந்த வண்டிக்காக ஊரே காத்துக்கிட்டிருக்கு. வண்டியில குறைன்னு வெளிய போனா கம்பெனியையே மூடணும். ஒரு ஆளோட தப்புன்னா ஒரு ஆளோட போயிடும். ரெண்டாயிரம் குடும்பம் பிழைக்கும். உன் குடும்பத்தை மட்டும் பார்க்காதே."

"என் குடும்பத்தைப் பார்த்துட்டுத்தான் சார் வர்றேன். ஒத்தைக் காலோட படுத்திருக்கு."

"நாளைக்கு மதியம் வரைக்கும் நேரம். ரெண்டு மணிக்கு அறுபது வண்டி வெளிய போகுது. அதுக்குள்ள கையெழுத்து வரலைன்னா வேலையும் இல்லை, வைத்தியமும் இல்லை. போலீஸ்ல சொல்ல வேண்டியதையும் சொல்லுவோம்."

தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள். படியிறங்கும்போது மனதில் இருந்தது பயமா ஆத்திரமா என்று அவளுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. கையெழுத்துப் போட்டால் கொழுந்தனுக்கு ஒரு கால் கிடைக்கும். இந்த நினைப்பு அன்று முழுக்க முள்ளாய்க் குத்திக்கொண்டே இருந்தது. சாயங்காலம் மருத்துவமனை வராந்தாவில் ஓரகத்தியிடம் தாளைக் கொடுத்தாள்.

"நீ சொல்லு. நீ போடுன்னா போட்டுடுறேன்."

ஓரகத்தி இரண்டு தடவை படித்தாள். "நீங்க இறுக்காம விட்டீங்களாக்கா?"

"இல்லை."

"அப்ப எதுக்குக் கேக்குறீங்க? நீங்க இதுல கையெழுத்துப் போட்டா, நாளைக்கு அறுபது வண்டி ரோட்டுக்கு வந்துடும். இந்த வராந்தாவுல அடுத்து எவ உட்கார்ந்திருப்பா? அவ மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?" தாளை மடித்து இவள் கையில் வைத்தாள். "அவருக்குக் கால் வேணும்தான். பிச்சையா வேண்டாம். சண்டை போட்டு வாங்குங்க."

வெள்ளிக்கிழமை காலைச் சாப்பாட்டு இடைவேளையில் அவள் அந்தத் தாளைப் பொது மேசை மேல் வைத்தாள். சங்கம் என்ற சொல்லை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே நுழைகிற தொழிற்சாலை அது. நூறு பேர் சுற்றி நின்றார்கள். தாள் கைமாறிக் கைமாறிப் போனது.

"வண்டி விக்கலைன்னா நமக்கும்தானே வேலை இல்லை?" என்றார் வண்டிக்குச் சாயம் அடிக்கும் சாயப்பட்டறைக்காரர். அவர் கேட்டதில் பொய்யில்லை. அவருக்கு மூன்று பெண்கள்.

அப்போது பின்கொட்டகையில் பழுது பார்க்கிறவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். உயரமும் மெலிவும் சேர்ந்து ஒட்டடைக்குச்சி என்று பெயர் வாங்கியவர். சட்டைப்பையிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து மேசை மேல் அவிழ்த்தார். உருகி, வளைந்து, வாய் பிளந்த கறுப்புக் கிளிப்புகள்.

"பதினாலு. திரும்பி வந்த வண்டிங்கள்ல கழட்டினது. குப்பையில போடச் சொன்னாங்க. மனசு வரலை, எடுத்து வச்சேன். ஒரு வண்டியிலயாவது இறுக்காத திருகு இருந்துச்சான்னு கேளுங்க. இல்லை. அத்தனையும் கல்லு மாதிரி இறுகியிருந்துச்சு." அவர் அவள் பக்கம் திரும்பினார். "முன்னாடியே சொல்லியிருக்கணும்மா. பயந்துட்டேன். சொல்லியிருந்தா தம்பி கால் இருந்திருக்கும்."

அவளால் அவரைத் திட்டவும் முடியவில்லை, தேற்றவும் முடியவில்லை.

முணுமுணுப்பு முதன்முறையாக முனகாமல், கூடம் முழுக்கக் கேட்கும்படி பேசினான். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பார்க்குறாங்க. இன்னிக்கு இவ தலை. நாளைக்கு விளக்கு அணைஞ்சா என் தலை. கதவு கழண்டா உன் தலை. அவங்க பண்ற தப்புக்கெல்லாம் உருட்டுறதுக்கு நம்ம கிட்டத் தலை எத்தனை இருக்கு?"

"வேலை போனா வேற தேடிக்கலாம்" என்றார் சாயப்பட்டறைக்காரர் மெதுவாக, தனக்குத்தானே பதில் சொல்வது போல. "ஆளைக் கொன்னுட்டு எங்க போய் என்னத்தைத் தேடுறது?"

அவள் தாளைத் திருப்பிப் போட்டாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. ஒருவர் சொல்ல ஒருவர் திருத்த, அவள் எழுதினாள். இனிமேல் பிளாஸ்டிக் கிளிப்பை யாரும் மாட்டமாட்டோம். விற்ற வண்டி அத்தனையையும் திரும்ப வாங்கி எஃகுக் கிளிப்பு போட்டுக் கொடுக்க வேண்டும். அதுவரைக்கும் ஒரு வண்டியும் வெளியே போகாது. ஓட்டுநரின் வைத்தியம் கம்பெனியின் கடமை, அதற்கு யார் கையெழுத்தும் விலையல்ல. கீழே முதல் பெயராகத் தன் பெயரை எழுதினாள். பேனா அவளிடம் திரும்பி வர அரைமணி நேரமானது.

சங்கு ஊதியது. மேற்பார்வையாளர் லைனை ஓட்டும் பொத்தானை அழுத்தினார். கூடுகள் ஒவ்வொன்றாக நகர்ந்து வந்தன. அடியில் ஒரு கையும் உயரவில்லை. வெறும் கூடுகளாகவே கடைசி வரைக்கும் போய் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தானே பொத்தானை அணைத்தார். அந்தக் கூரைக்கடியில் பகல் வேளையில் அப்படியொரு அமைதியை யாரும் கேட்டதில்லை.

எல்லோரும் வெளிமுற்றத்துக்குப் போனார்கள். அறுபது சிவப்பு வண்டிகள் வெயிலில் பளபளத்தன. அவற்றுக்கும் வாசலுக்கும் நடுவில் தார்த்தரையில் உட்கார்ந்தார்கள். இரண்டு மணிக்கு வண்டி ஏற்றும் நீள லாரி உள்ளே வந்து அவர்கள் முன்னால் நின்றது. ஓட்டுநர் தலையை நீட்டினார்.

"என்னம்மா இது, பாதையில உட்கார்ந்துக்கிட்டு?"

அவள் எழுந்துபோய் ஓர் உருகிய கிளிப்பை அவர் கையில் வைத்தாள். நடந்ததைச் சொன்னாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நானும் பிரேக்கை நம்பிப் பிழைக்கிறவன்தாம்மா" என்று சொல்லி என்ஜினை அணைத்தார். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, லாரியின் நிழலில் சாய்ந்து நின்றார்.

முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்தார். பின்னால் நான்கு காவலாளிகள்.

"உங்களுக்கெல்லாம் பைத்தியமா? பத்து நிமிஷத்துல உள்ள போகலைன்னா ஒருத்தரும் உள்ள போக முடியாது!"

"உள்ள போறோம் சார்" என்றாள் அவள். "எஃகுக் கிளிப்பு வந்ததும் போறோம்."

"நீ யாரு எனக்குச் சொல்றதுக்கு?"

"உங்க வண்டியில பிரேக் மாட்டுறவ."

அவர் திரும்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் வாசல் சுவரில் வேலைநீக்கப் பட்டியலை ஒட்டினார்கள். பதினேழு பேர். முதலில் அவள், இரண்டாவது ஒட்டடைக்குச்சி. போலீஸ் வண்டி ஒன்று வந்து தெருமுனையில் நின்றது. தார் கொதித்தது. பட்டியலில் பெயர் வந்த ஒரு பெண் குனிந்து அழுதாள். பக்கத்திலிருந்தவள் அவள் முதுகில் கைவைத்தாள். யாரும் எழுந்திருக்கவில்லை.

அடுத்த ஷிப்டுக்காரர்களின் பேருந்துகள் வந்து நின்றன. முந்நூறு பேர் இறங்கினார்கள். காவலாளிகள் அவர்களுக்கு உள்வாசலைத் திறந்து காட்டி, "சீக்கிரம் வாங்க, உங்களுக்கு ஒண்ணும் இல்லை" என்று அவசரப்படுத்தினார்கள். அவர்கள் பட்டியலைப் படித்தார்கள். கையிலிருந்து கைக்கு உருகிய கிளிப்புகள் போயின. நெடுநேரம் போலத் தோன்றிய சில நிமிடங்கள். இவர்கள் உள்ளே போய்விட்டால் எல்லாம் முடிந்தது.

முன்வரிசையிலிருந்து ஒருத்தி வந்தாள். இரண்டாவது ஷிப்டில் இதே இடத்தில், இதே கருவியால் இதே குழாயைப் பதிக்கிறவள். எதிரெதிர் ஷிப்டு என்பதால் இத்தனை வருடத்தில் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. கருவியின் கைப்பிடி தேய்ந்த இடத்தில் ஒருவர் விரல் தடத்தை இன்னொருவர் அறிந்ததோடு சரி.

"இடம் இருக்காக்கா?" என்றாள்.

"இருக்கு, வா" என்று குழாய்க்காரி கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.