ஆறாம் எண் சாப்பாடு

‘பிரெய்ரி மின்னல்’ என்ற அந்த ரயிலுக்கு மூலை என்று ஒன்று கிடையாது. மூக்கிலிருந்து வால் வரை வழவழவென்று எஃகில் இழைத்திருந்தார்கள். சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு நாற்பதே மணி நேரம். அந்த 1937-ஆம் வருஷம் நாட்டில் வேலையில்லாதவர்கள்கூட அதன் படத்தைப் பத்திரிகையில் வெட்டிச் சுவரில் ஒட்டிவைத்தார்கள். வயிற்றுக்கு இல்லாவிட்டால் என்ன, கண்ணுக்காவது விருந்து!

கம்பெனித் தலைவர் ஆஸ்குட்டுக்கு வயது அறுபத்து நான்கு. ரயில் இத்தனை இளமையாக இருக்கும்போது பக்கத்தில் நிற்கிறவர் கிழவராகத் தெரியலாமா என்று விளம்பர அதிகாரி ஸ்பாங்ளர் ஒருநாள் கேட்டுவிட்டான். அன்றைக்குக் கழற்றிய மூக்குக்கண்ணாடிதான். அதற்கப்புறம் நாலு பேர் முன்னால் அவர் அதைத் தொடவேயில்லை. எதிரே தூரத்தில் நிற்கிற மாட்டின் கொம்பு தெரியும். கையில் இருக்கிற காகிதம் தெரியாது.

சாப்பாட்டுப் பெட்டியில் பரிமாறும் லியாண்டர் பெட்வேக்கு இந்த விஷயம் தெரியும். தட்டு தூக்குகிறவனுக்குத் தெரியாத ரகசியம் ரயிலில் ஏது? ஆனால் அவனுடைய கவலை வேறு. சாப்பாட்டுப் பெட்டிக்கு மேற்பார்வையாளர் என்றால் வெள்ளைக்காரர்தான் என்பது ஆதிகாலத்து வழக்கம். அந்த வருஷம்தான் கம்பெனிக்கு ஞானோதயம் பிறந்தது. கறுப்பர்களையும் ‘பொறுப்பாளர்’ ஆக்கலாமாம். அதே வேலை, குறைந்த சம்பளம். கம்பெனிகளுக்கு நியாய உணர்ச்சி பொங்குவது அப்படித்தான்.

இருந்தாலும் லியாண்டருக்கு அந்த வேலை வேண்டும். பதினேழு வருஷமாக வெள்ளைக் கோட்டு மாட்டி, “ஏய் பையா” என்ற குரலுக்கு ஓடியவன். பொறுப்பாளருக்குக் கறுப்புக் கோட்டு. நெஞ்சில் பெயர் பொறித்த தகடு. நாற்பத்தாறு வயசுக்காரனைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு தகடு தேவைப்படுகிறதே என்று அவனுக்கு ஆத்திரம் உண்டு. ஆனாலும் தகடு வேண்டும். ரயிலின் இந்த முதல் ஓட்டம்தான் அவனுக்குப் பரீட்சை. மனைவி ஒடெஸாவோ பரீட்சை முடியுமுன்பே, வேலை கிடைத்துவிட்டதாகத் தேவாலயத்து மாதர் சங்கம் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

பரீட்சையில் ஆபத்தான கேள்வி ஒன்றே ஒன்று. பதினான்காம் விதி. பயணி தனக்கு வேண்டியதைத் தன் கையால் சீட்டில் எழுதித்தான் தர வேண்டும். வாயால் சொன்னால் பரிமாறுபவன் ஏற்கக் கூடாது; எழுதியதைத் திருத்தவும் கூடாது. இதைக் கண்காணிக்கப் பயணிகள் வேஷத்தில் ஒற்றர்கள் ஏறுவார்கள். லியாண்டரின் சிநேகிதன் வெண்டல், கை நடுங்கும் கிழவி ஒருத்தி வாயால் கேட்டாளே என்று ஒரு கோப்பை காப்பி கொடுத்தான். வேலை போயிற்று. கிழவிக்குக் கை நடுக்கமே இல்லை என்று பிறகு தெரிந்தது.

கான்சாஸ் சமவெளியில் ரயில் பறந்துகொண்டிருந்த மத்தியான வேளை. ஆஸ்குட் நான்கு பத்திரிகைக்காரர்களோடு நடு மேஜையில் வந்து உட்கார்ந்தார்.

“என்ன சார் சாப்பிடப் போறீங்க?” என்று கேட்டான் ஒருவன்.

“மாட்டுக்கறி ஸ்டேக்! லேசா ரத்தம் கசியணும். ரயில் ஓட்டுறவன் கஞ்சியா குடிப்பான்?”

லியாண்டர் பணிவாகச் சீட்டையும் பென்சிலையும் வைத்தான். ஆஸ்குட்டுக்குப் பெருமை தாங்கவில்லை.

“பாத்தீங்களா? நான் சொன்னாக்கூட வாங்கிக்க மாட்டான். நான் போட்ட விதி இது! வாயால சொன்னா வம்பு, எழுதினா ஒழுங்கு.”

உணவுப் பட்டியலைத் தூக்கிப் பிடித்தார். தள்ளிப் பிடித்தார். கிட்டே கொண்டு வந்தார். பிறகு மடக்கி வைத்துவிட்டு, சீட்டில் பெரிதாக ‘6’ என்று எழுதினார். இந்தக் கம்பெனி வண்டிகளில் பதினைந்து வருஷமாக ஸ்டேக் என்றால் ஆறாம் எண்தான். புது ரயிலுக்குப் பட்டியல் வரைய நியூயார்க்கிலிருந்து ஓர் ஓவியர் வந்தார். அழகுக்காக வரிசையை மாற்றிவிட்டார். இப்போது ஸ்டேக் பதினொன்று. ஆறு என்பது, பத்து வயதுக்குட்பட்டவர்களுக்கும் நோயாளிகளுக்கும் பாலில் ஊறவைத்த ரொட்டி, அவித்த ப்ளம் வற்றலுடன்.

லியாண்டர் சீட்டைப் பார்த்தான். குனிந்து காதோடு கேட்டான்: “ஆறுதானே, சார்?”

“ஆமாடா, ஆறு! படிக்கத் தெரியாதா உனக்கு, பையா?”

பத்திரிகைக்காரர்கள் சிரித்தார்கள். லியாண்டரின் மகன் அப்போது பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்தான்.

சமையல்காரர் ஆம்புரோஸ் சீட்டைப் பார்த்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தார். “அந்தாளு ஸ்டேக்குன்னு கத்துனது இங்க வரைக்கும் கேட்டுச்சேடா.”

“சீட்டுல ஆறுன்னு இருக்கே, அண்ணே.”

“ஸ்டேக்கைக் கொண்டு போய் வை. திங்கட்டும்.”

“வாயால சொன்னதைக் கொடுத்தேன்னு ஒற்றன் எழுதிட்டா? வெண்டல் இப்ப மூட்டை தூக்குறான், தெரியுமில்ல?”

“ரொட்டியை வச்சா அந்தாளு உன்னை ஜன்னல் வழியா வீசிடுவான்.”

“இந்த ரயில்ல ஜன்னல் திறக்காது, அண்ணே.”

மேற்பார்வையாளர் டோபினிடம் ஓடினான். டோபின் கேட்டார், யோசித்தார், வெளுத்தார். “எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. இன்னைக்கு நீதானே பொறுப்பு?” என்று சொல்லிவிட்டு மேஜைத்துணி அலமாரிக்குள் தலையை நுழைத்துக்கொண்டார். பிறகு அந்தத் தலை வெளியே வரவேயில்லை.

போனால் போகட்டும், விதி என்றால் விதி என்று துணிந்தான் லியாண்டர். வெள்ளிமூடி போட்ட தட்டைத் தோளுயரத்துக்குத் தூக்கி வந்து, தலைவர் முன்னால் வைத்து, மூடியை எடுத்தான்.

நான்கு பத்திரிகைக்காரர்களும் வாயைப் பிளந்தார்கள். ஆஸ்குட் கத்தியை எடுத்து வெட்டினார். கத்தி சட்டென்று தட்டின் அடிவரை போய் மோதியது. குனிந்து மோந்தார். முகம் ப்ளம் வற்றலின் நிறத்துக்கு வந்தது.

“ஸ்டேக்குன்னீங்களே, சார்?” என்றான் ஒருவன், பென்சிலைத் தீட்டிக்கொண்டே.

கண் தெரியவில்லை என்று சொன்னால் மானம் போகும். விதி தப்பு என்றால் அதைவிட மோசம். ஆஸ்குட் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஸ்டேக் உங்களுக்கு. நான் எப்பவும் இதான் சாப்பிடுவேன். எளிமையான மனுஷன்.”

சாப்பிட்டார். மெல்லுகிற சிரமமே இல்லை, விழுங்கத்தான் முடியவில்லை. கடைசி வற்றல் வரை தின்று தீர்த்தார்.

மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அதுதான் செய்தி. கோடீஸ்வரரின் பால் ரொட்டி! ஸ்பாங்ளர் விடுவானா? ‘தலைவர் விருந்து’ என்று விலையை இரட்டிப்பாக்கி அச்சடித்தான். வைரக்காதணி போட்ட சீமாட்டிகள் ஊறின ரொட்டியைத் தின்றுவிட்டு, ஆகா, உடம்பே லேசாயிற்று என்றார்கள்.

மூன்றாம் வாரம் லியாண்டருக்குக் கடிதம் வந்தது. ஒற்றர் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. ஆனால் காது கூர்மையானவர். ‘ஆறுதானே என்று பரிமாறுபவர் வாய்மொழியாகக் கேட்டார், பயணி வாய்மொழியாக ஆமென்றார். பதினான்காம் விதி மீறப்பட்டது. பொறுப்பாளர் பதவிக்குத் தகுதியில்லை.’ அதே தபாலில், ஒழுங்கைக் காத்ததற்காக டோபினுக்குப் பதவி உயர்வு.

நுணலாவது கத்திக் கெடும். இவன் கெட்டது ஒரு கிசுகிசுப்பில்.

“மாதர் சங்கத்துல நான் எந்த மூஞ்சியோட போய் உக்காருவேன்?” என்று ஒடெஸா புலம்பினாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, “விடுங்க, அவனுங்க தகடு யாருக்கு வேணும்?” என்றாள். லியாண்டர் அன்றைக்கு அழுதான். வெட்கப்படாமல், வாய்விட்டே அழுதான்.

அடுத்த மாதம் ஆஸ்குட் மறுபடி வந்தார், ஆறேழு வங்கிக்காரர்களோடு. எல்லோர் கண்ணும் அவர் தட்டின் மேல். பாவம், அதுவரை பதினோரு தடவை பால் ரொட்டி தின்றிருந்தார். இடுப்புப் பட்டையில் இரண்டு புது ஓட்டை போட்டாயிற்று.

லியாண்டர் சீட்டை வைத்தான். வங்கிக்காரர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, ஆஸ்குட் அவன் கைப்பட்டையைப் பிடித்தார்.

“ஏம்ப்பா... ஸ்டேக்கு. சமையல்கட்டுல ஒளிச்சு வச்சாக்கூடப் போதும், அங்க வந்து தின்னுக்கறேன்.”

“எழுதிக் கொடுங்க, சார்.”

“எண் என்னன்னு சொல்லேன்!”

“வாய்மொழியா எதுவும் பேசக் கூடாதுன்னு எனக்குக் கடிதம் வந்திருக்கு, சார்,” என்றான் லியாண்டர், தேன் ஒழுகும் குரலில். “பட்டியல்ல எல்லாம் தெளிவா அச்சடிச்சிருக்கு.”

ஆஸ்குட் பட்டியலைப் பார்த்தார். சட்டைப்பையில் இருந்த கண்ணாடிக் கூட்டை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். வங்கிக்காரர்கள் திரும்பிவிட்டார்கள். பென்சிலை எடுத்து ஆறு என்று எழுதினார்.

“நன்றி, சார்,” என்று லியாண்டர் சீட்டை வாங்கிக்கொண்டான். நேரே ஆம்புரோஸிடம் போய், வற்றலை இன்னும் இரண்டு கரண்டி கூடவே போடச் சொன்னான்.