உள்ளூர் அட்டை

மந்தாரக்குப்பத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பாரில் கொளஞ்சிநாதன் சூப்பர்வைசர். குடித்துவிட்டுச் சண்டை பிடிப்பவனைக்கூட, கொஞ்சம் வெளியே வாங்கண்ணே என்று கெஞ்சித்தான் அனுப்புவான். யாருக்கும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல வராது அவனுக்கு.

தொண்ணூற்றெட்டில் ஒரு சாயங்காலம் ஏஞ்சலின் தனியாக வந்து உட்கார்ந்து பீர் கேட்டாள். பாண்டிச்சேரியில் பிறந்து பிரான்சில் வளர்ந்தவள். வயது முப்பதுக்கு மேல். கொளஞ்சிநாதன் குடியிருந்த தெருவிலேயே சித்தி வீட்டுக்கு வந்திருந்தாள். அந்த பாருக்குள் அதுவரை ஒரு பெண் கால் வைத்ததில்லை. சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து வந்திருந்தவர்கள் கையில் கிளாஸோடு அப்படியே பார்த்தார்கள்.

பெண்களுக்குக் கிடையாது என்று சொல்ல நாக்கு எழவில்லை. வயதுக்கு அத்தாட்சி கேட்டான். மீசை முளைக்காத பயல்களிடம்கூட அவன் கேட்டதில்லை. அவள் பாஸ்போர்ட்டை நீட்டினாள். புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

"இது வெளிநாட்டுதுங்க, இங்க செல்லாது. உள்ளூர் அட்டையோட யாராச்சும் கூட வந்தா தாராளமா குடுப்பேங்க."

யாராக இருந்தாலும் சரியா என்று கேட்டாள். சரி என்றான். எழுந்து போனாள். அவனுக்குத் தன் சாமர்த்தியத்தை நினைத்து ஒரே பூரிப்பு.

மறுநாள் சாயங்காலம் ஏஞ்சலின் கூட்டிவந்தது அவன் மனைவி ஆதிலட்சுமியை. ஆதிலட்சுமி வீட்டிலேயே துணி தைப்பவள்; ஏஞ்சலினுக்கு ரவிக்கை அளவெடுக்கும்போது கதை முழுக்க வெளியே வந்துவிட்டிருக்கிறது. புருஷன் பொழுதெல்லாம் கிடக்கிற இடத்தை ஆதிலட்சுமியும் பார்த்ததில்லை. கேட்டபோதெல்லாம் நாளைக்குக் கூட்டிப்போகிறேன் என்றே தள்ளிவந்திருந்தான்.

ஆதிலட்சுமி தன் வாக்காளர் அட்டையை மேசைமேல் வைத்தாள்.

"உள்ளூர் அட்டை கேட்டீங்களாமே. சரியா பாத்துக்குங்க."

எல்லோரும் பார்த்துக்கொண்டு இருந்ததால் அவன் அதை எடுத்து வாய்விட்டுப் படிக்க வேண்டியதாயிற்று. கணவர் பெயர் கொளஞ்சிநாதன் என்று போட்டிருந்தது. அண்ணி என்று இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். ஒருவர் கிளாஸை மேசைக்கடியில் வைத்தார்.

அவனே பீரைக் கொண்டுவந்து ஊற்றினான். ஆதிலட்சுமி ஒரு வாய் குடித்து முகம் சுளித்தாள்.

"இதுக்கா இவ்ளோ கூட்டம்?"

கிளாஸை ஏஞ்சலின் பக்கம் தள்ளிவிட்டு ஆம்லெட் சொன்னாள். வர நேரமானதும் அடுப்படிக்கே போனாள். வாணலியில் இருந்த கறுத்த எண்ணெயைச் சமையல்காரனை விட்டே கீழே கொட்டவைத்தாள். அன்றைக்கு அங்கே ஒருத்தரும் கெட்ட வார்த்தை பேசவில்லை.

இருட்டுவதற்குள் இரண்டு பேரும் தோளில் தட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டே தெருவில் நடந்தார்கள். கொளஞ்சிநாதன் வாசலில் நின்று பார்த்தான். கோபம் வரும் என்று நினைத்தான், வரவில்லை. உள்ளே போய் அவர்கள் மிச்சம் வைத்த ஆம்லெட்டைத் தின்றான். புது எண்ணெயில் நன்றாகத்தான் இருந்தது.